பிரேசில் கடையில் ஒரு மதியச் சாப்பாடு

மலர்க் குழுவினர் ஒவ்வொரு தடவையும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "சார், வரலாற்றுத் துறை சார்பா ஒரு கட்டுரை." நானும் ஐவர்மலைச் சமணச் சிற்பங்கள், பாலசமுத்திரம் ஜமீன் என்று இதுவரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அச்சாகி வந்தபின் எத்தனை பேர் படித்தார்கள் என்பது எனக்கும் தெரியும், குழுவினருக்கும் தெரியும். ஆகவே இந்த முறை கல்வெட்டு கிடையாது. சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன். வரலாறு அதற்குள்ளேயே இருக்கிறது.

2018 மே மாதம் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தேன். நம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். 1993இல் பி.ஏ. வரலாறு சேர்ந்தவர், தாண்டிக்குடிக்காரர். (பெயரைப் போடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.) வரலாறு படித்துவிட்டுக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன கூட்டத்தில் அவரும் ஒருவர். அதற்கு நான் பொறுப்பில்லை.

"சார், இட்லி தோசையெல்லாம் உங்க மக வீட்ல சாப்பிட்டுக்கலாம். ஞாயித்துக்கிழமை வாங்க, ஒரு பிரேசில்காரங்க கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"நான் சைவம்ப்பா."

"தெரியும் சார். சோறு உண்டு, பயறு உண்டு, கிழங்கு உண்டு. பயப்படாம வாங்க."

நியூவார்க் நகரத்தில் அயர்ன்பவுண்ட் என்று ஒரு பகுதி. சுற்றிலும் ரயில் பாதைகள் வளைத்துக் கொண்டதால் அந்தப் பெயர். முதலில் போர்த்துக்கீசியர் வந்து குடியேறினார்கள், பிறகு அதே மொழி பேசும் பிரேசில்காரர்கள் வந்தார்கள். ஃபெரி தெரு என்கிற கடைவீதியில் நடந்தால் இங்கிலீஷ் காதில் விழுவதே குறைவு. அதிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் அந்தக் கடை. நம்மூர் மெஸ் மாதிரிதான். எட்டுப் பத்து மேஜை, சுவரில் கால்பந்து ஓடுகிற டி.வி., நடுவில் நீளமாக வரிசை கட்டி வைத்த பாத்திரங்கள். வேண்டியதை நாமே தட்டில் போட்டுக்கொண்டு போய்த் தராசில் வைக்க வேண்டும். எடைக்குத்தான் காசு. சோறானாலும் கறியானாலும் ஒரே விலை. பிரேசிலில் அலுவலகம் போகிறவர்கள் மத்தியானம் சாப்பிடுவது பெரும்பாலும் இந்த மாதிரிக் 'கிலோ' கடைகளில்தானாம். ஒட்டன்சத்திரம் மண்டியில் மூட்டையைத் தூக்கித் தராசில் வைப்பது எனக்கு ஞாபகம் வந்தது.

முதலில் சோறு, பக்கத்தில் கறுப்புப் பயறு கொழகொழவென்று. பன்றி இறைச்சி போட்டுக் கொதிக்க வைத்ததற்கு ஒரு பாத்திரம், போடாததற்கு ஒரு பாத்திரம். நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். அடுத்து வறுத்த ரவை போல ஒன்று. சோற்றின் மேல் தூவிக்கொள்ள வேண்டுமாம். 'ஃபரோஃபா' என்றார். வாயில் போட்டதும் தெரிந்துவிட்டது. மரவள்ளி மாவு, வெண்ணெயில் வறுத்தது. அதற்கடுத்து உருண்டை உருண்டையாகப் பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட ரொட்டி. அதில் கோதுமை கிடையாது, அதுவும் மரவள்ளிதான். சேலத்தில் நாம் ஜவ்வரிசி உருட்டுகிற அதே மாவு.

அப்புறம் ஒரு காய்ப் பொரியல். வெளிர்ப்பச்சை, நீர்க்காய். கல்லாவில் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் நான் பார்ப்பதைக் கவனித்து, "ஷூஷூ" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சௌசௌ! பெரும்பாறை, ஆடலூர், பாச்சலூர்ப் பக்கம் பந்தல் போட்டு விளைவித்து லாரி லாரியாக இறக்குகிறோமே, அதே சௌசௌ. ஊர் மெக்ஸிகோவைச் சேர்ந்த கொடி. அங்கேயிருந்து கிளம்பி ஒரு பக்கம் பிரேசிலுக்கும் இன்னொரு பக்கம் பழனிமலைக்கும் வந்து, இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே பெயரில் குடியிருக்கிறது.

குடிக்க இரண்டு சாறு. ஒன்று முந்திரிப்பழச் சாறு. மற்றது மஞ்சளாக, புளிப்பும் வாசனையுமாக. கொடைக்கானல் சாலையோரத்தில் கூறு கட்டி விற்கிற தாட்பூட் பழம். தென் பிரேசில் பக்கத்துக் கொடி அது. அங்கே 'மரகுஜா' என்கிறார்கள். தாட்பூட் என்று நம்மூரில் யார் பெயர் வைத்தார்களோ, நல்ல ரசனைக்காரர்.

சூப் பாத்திரத்தின் மேல் எழுதியிருந்ததை நம் மாணவர் வாசித்தபோது மட்டும் கொஞ்சம் அதிர்ந்துவிட்டேன். அவர் சொன்னது என் காதில் "கஞ்சா" என்று விழுந்தது. கொடைக்கானலுக்கு வேறு அந்த விஷயத்தில் ஏற்கெனவே கெட்ட பெயர். "என்னப்பா இது?" என்றேன். "கஞ்சி சார்! கோழி போட்ட அரிசிக் கஞ்சி. நம்ம வார்த்தைதான்" என்றார். உண்மைதான். போர்த்துக்கீசியர் நம் கரையில் கஞ்சி குடிக்கக் கற்றுக்கொண்டு, சொல்லையும் சேர்த்து எடுத்துப் போய், 'கன்ஜா' என்று மாற்றிவிட்டார்கள். பிரேசிலில் இன்றைக்கும் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு அம்மாக்கள் கொடுப்பது அதைத்தான்.

இங்கேதான் வரலாறு வருகிறது. இப்போது படிக்கிற பிள்ளைகள் இந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம்.

1500 மார்ச்சில் பெட்ரோ ஆல்வரெஸ் கப்ரால் என்பவர் 13 கப்பல்களோடு லிஸ்பனிலிருந்து கிளம்பினார். போக நினைத்தது கள்ளிக்கோட்டைக்கு, மிளகு வாங்க. காற்றுக்காக அட்லாண்டிக்கில் மேற்கே வெகுதூரம் ஒதுங்கிப் போனதில் ஏப்ரல் 22 அன்று ஒரு கரை தெரிந்தது. அதுதான் பிரேசில். சில நாள் தங்கி, ஒரு கப்பலைச் சேதி சொல்ல ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, பயணத்தைத் தொடர்ந்து செப்டம்பரில் கள்ளிக்கோட்டை வந்து சேர்ந்தார். நம் மிளகுக்கு வரும் வழியில் கண்ணில் பட்ட நாடு அது. எனவே பிரேசிலும் மலையாளக் கரையும் ஐரோப்பியர் புத்தகத்தில் முதன்முதலாகச் சேர்ந்தது ஒரே கப்பல் பயணத்தில்.

பெயரும் நம் பக்கத்துச் சரக்கின் பெயர்தான். கேரளத்தில் குடிதண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்துச் சிவப்பாக்குவார்களே, பதிமுகம், அந்தக் கட்டை பல நூற்றாண்டுகளாகக் கொல்லம் வழியாகவும் ஏற்றுமதியான சாயச் சரக்கு. ஐரோப்பிய வியாபாரிகள் அதைப் 'பிரசில்' என்று அழைத்தார்கள். புதிய கரையில் அதே மாதிரிச் சிவப்புச் சாயம் தருகிற, அதற்குச் சொந்தக்கார மரம் ஒன்று காடாக நின்றதும் மரத்துக்கு அந்தப் பெயர் ஏறியது. மரத்தின் பெயர் பிறகு நாட்டுக்கு.

அதன்பின் நடந்த பண்டமாற்று கொஞ்சநஞ்சமல்ல. அன்னாசி என்று நாம் சொல்வது 'நனஸ்' என்கிற துப்பி மொழிச் சொல். துப்பி என்பது பிரேசில் கரையில் வாழ்ந்த ஆதிகுடிகளின் மொழி. பழனி பேருந்து நிலையத்தில் அன்னாசித் துண்டுக்கு உப்பு மிளகாய்த்தூள் தடவி விற்கிறவர், தனக்குத் தெரியாமலே நாள் முழுக்கத் துப்பி பேசிக்கொண்டிருக்கிறார். முந்திரியும் அந்தக் காட்டு மரம்தான். தெற்கே கொல்லாமாங்காய், கொல்லாங்கொட்டை என்பார்கள், கொல்லம் துறையை நினைத்து. மலையாளத்தில் வெளிப்படையாகவே பறங்கிமாங்கா. பதிலுக்கு நாம் கொடுத்தது மாங்காய். பிரேசிலில் அதற்கு இன்றும் 'மங்கா'. பலாவுக்கு 'ஜாக்கா', மலையாளச் சக்கையிலிருந்து போனது.

என் மாணவர் தட்டில் இருந்த இறைச்சிக்கும் ஒரு கதை உண்டு. நான் சாப்பிடாவிட்டாலும் வரலாற்றாசிரியன் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். பிரேசிலில் இறைச்சிக்கு வளர்க்கும் மாடுகளில் மிகப் பெரும்பான்மை 'நெலோரி' என்ற வெள்ளைத் திமில் மாடு. நெலோரி என்றால் நெல்லூர். பழைய மதராஸ் ராஜதானியின் ஓங்கோல் மாடுதான் அது. 19ஆம் நூற்றாண்டில் ஒன்றிரண்டாகக் கப்பலேறி, 1960களின் தொடக்கத்தில் நல்ல காளைகளாகப் பொறுக்கி எடுத்துப் போகப்பட்டு, இப்போது கோடிக்கணக்கில் அங்கே மேய்கிறது. ஓங்கோலில் அந்தக் காளையைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. மாட்டைக் கும்பிடுகிற நாம் அதைக் குறையவிட்டோம், சாப்பிடுகிற அவர்கள் பெருக்கினார்கள். இதற்கு என்ன சொல்வது என்று எனக்கு இதுவரை தெரியவில்லை.

மரவள்ளிக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல ஆசை. குச்சிக்கிழங்கு, கப்பைக்கிழங்கு, மரச்சீனி என்று ஊருக்கு ஒரு பெயர் இருந்தாலும், எழுத்தில் நிலைத்தது மரவள்ளி. வள்ளி என்பது நம் காட்டுக்கொடிக் கிழங்கு. பழனிமலைப் பளியர்கள் கம்பால் தோண்டி எடுத்து, சுட்டும் வேகவைத்தும் சாப்பிட்டு வந்தது அந்தக் காட்டு வள்ளியைத்தான். கப்பலில் வந்த புதுக் கிழங்கைப் பார்த்ததும் நம் ஆட்கள், "இது வள்ளி மாதிரி இருக்கு, ஆனா மரமா நிக்குது" என்று மரவள்ளி என்று பெயர் வைத்துச் சொந்தமாக்கிக் கொண்டார்கள்.

முருகன் மலையடிவாரத்தில் படித்தவர்களுக்கு வள்ளி கதையைச் சொல்ல வேண்டியதில்லை. வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் கிடந்த பெண்குழந்தை, அதனால் வள்ளி. துப்பி மக்களிடமும் ஒரு கதை வழங்குகிறது. மானி என்று ஒரு சிறுமி இறந்துபோனாள். அவளைக் குடிசைக்குள்ளேயே புதைத்தார்கள். புதைத்த இடத்தில் ஒரு செடி முளைத்து, அதன் வேரில் வெள்ளைக் கிழங்கு விட்டது. மானியின் வீடு என்று பொருள்படும் பெயர் அதற்கு. 'மண்டியோக்கா' என்று இன்றும் அவர்கள் சொல்வது அதைத்தான் என்பார்கள். அங்கே குழிக்குள் போன பெண்ணிலிருந்து கிழங்கு, இங்கே கிழங்கெடுத்த குழியிலிருந்து பெண். இரண்டு கதைக்கும் தொடர்பு இருந்திருக்க வழியில்லை. நம் மாணவரிடம் இதைச் சொன்னபோது, "சார், கிளாஸ்ல இப்படி எடுத்திருந்தீங்கன்னா நான் கம்ப்யூட்டர் பக்கமே போயிருக்க மாட்டேன்" என்றார். முகஸ்துதிதான், ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

இந்தக் கிழங்கை ஏழைச் சோறு என்று இளக்காரமாகப் பேசுவது நம்மவர் வழக்கம். விடுதியில் சனிக்கிழமை சாயங்காலம் அவித்த கிழங்கு போட்டால் தட்டைத் தட்டி எதிர்ப்புத் தெரிவித்த வீரர்கள் இந்த மலரைப் படித்துக் கொண்டிருப்பீர்கள். ஆனால் திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பரப்பப் பாடுபட்டார். 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பர்மா அரிசியை நம்பியிருந்த தென்கோடிச் சனங்களில் எத்தனையோ குடும்பங்களின் உலை அணையாமல் காப்பாற்றியது இந்தக் கிழங்கு. வெளிநாட்டு ஜவ்வரிசியும் மாவும் வருவது நின்றதால் 1943 வாக்கில் சேலத்தில் அதைக் கையால் செய்யத் தொடங்கினார்கள். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஏற்படுகிற அளவுக்கு அது வளர்ந்தது. கல்யாணப் பந்தியில் பாயசத்தை உறிஞ்சும்போது பிரேசிலை யார் நினைக்கிறார்கள்?

நிற்க. இதுவரை சொன்னதெல்லாம் நானாகவே வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கக் கூடியது. அந்தக் கடையில் நான் புதிதாகக் கற்றுக்கொண்டது சாப்பாடு முடிந்து காபி வந்தபிறகுதான்.

சின்னக் கோப்பையில் கறுப்புக் காபி, சர்க்கரை தாராளம். சாப்பிட்டவர்களுக்குக் காசில்லாமல் கொடுப்பது அவர்கள் வழக்கம். கூட்டம் குறைந்திருந்ததால் கல்லா அம்மாளே கொண்டு வந்து வைத்தார். ஐம்பது வயது இருக்கும். நம் மாணவர் வாராவாரம் வருகிறவர் என்பதால் நன்றாகப் பழக்கம். இங்கிலீஷ் பாதி, கை ஜாடை பாதியாகப் பேச்சு ஓடியது. "என் சார். நானும் காபி விளையுற மலையிலிருந்து வந்தவன்" என்று சொன்னார். அந்த அம்மாள் முகம் மாறியது. "நானும்தான்" என்றார். பரனா மாநிலத்தில் லொண்ட்ரினா ஊர்ப்பக்கம். அப்பாவுக்குச் சொந்தமாகச் சிறிய காபித் தோட்டம் இருந்ததாம்.

லொண்ட்ரினா என்றால் குட்டி லண்டன் என்று அர்த்தம். 1929இல் ஓர் ஆங்கிலக் கம்பெனி காட்டைத் திருத்திக் குடியேற்றிய ஊர். அடுத்த முப்பது ஆண்டுகளில் உலகக் காபித் தலைநகர் என்று பெயர் வாங்கியது. பிரேசில் காபியில் பெரும்பங்கு பரனாவிலிருந்து போன காலம் அது. 1975 ஜூலை 17, 18 தேதிகளில் தெற்கிலிருந்து குளிர் ஏறி வந்தது. மாநிலத் தலைநகரான குரிச்சிபாவில் வெண்பனியே விழுந்தது. காபிச் செடி உறைபனியைத் தாங்காது. இலைக்குள் இருக்கிற நீரே உறைந்து வெடித்துவிடும். அந்த மாநிலத்துக் காபித் தோட்டங்கள் ஏறக்குறைய மொத்தமாகக் கருகின. 'கறுப்புப் பனி' என்று இன்றும் சொல்கிறார்கள்.

"எனக்கு ஏழு வயது. காலையில் எழுந்தால் எல்லாம் வெள்ளை, விளையாடினோம். மறுநாள் பார்த்தால் இலையெல்லாம் நெருப்பில் வாட்டியது போலக் கறுப்பு. அப்பா ஒன்றும் பேசவில்லை. செடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அந்தக் கோடி வரை நடந்து போனார்." புதுச் செடி வைத்தால் காய்க்க மூன்று நான்கு வருஷம். கடன்காரன் அதுவரை நிற்கமாட்டான். அந்தப் பக்கத்தில் பலபேர் காபியை விட்டுவிட்டார்கள். பெரிய பண்ணைகள் சோயாவும் கோதுமையும் போட்டு இயந்திரத்தால் உழுதன, ஆள் தேவைப்படவில்லை. இவர்கள் நிலத்தை விற்றுவிட்டு சாவ் பாவ்லோ நகரத்துக்குப் போய், அங்கிருந்து பல வருஷம் கழித்து நியூவார்க்.

நம் மாணவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். கொஞ்சநேரம் பேச்சில்லை. பிறகு என்னிடம் தமிழில், "சார், எங்க வீடு உங்களுக்குத் தெரியும்ல, தாண்டிக்குடியில, கோயிலுக்குப் போற வழியில. அத எங்க தாத்தா எழுபத்தேழுல கட்டினாரு" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் விளக்கினார். உலகக் காபியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பிரேசில் விளைவிக்கிறது. அங்கே உறைபனி என்றால் எல்லா ஊரிலும் விலை ஏறும். 1975 பனிக்குப் பிறகு 1977இல் உலக விலை அதுவரை காணாத உச்சத்துக்குப் போனது. அப்போது நம் காபி முழுவதும் காபி வாரியத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். உலகப் போர்க் காலத்தில் வந்த சட்டம். பணம் தவணை தவணையாகத்தான் வரும். அப்படி வந்த தவணைகளில்தான் தாத்தா ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு கட்டியிருக்கிறார். எந்த ஊர்ச் செடி செத்ததால் வந்த பணம் என்பது தாத்தாவுக்குத் தெரிந்திருக்குமா? "வானொலியில கேட்டிருப்பாரு சார். பிரேசில்ல பனியாம்னு பேசிக்குவாங்க. ஆனா அங்கயும் ஒரு வீடு இருக்கும்னு யாரு நெனச்சா?"

இன்னொன்றும் சொன்னார், அது என்னையும் சேர்த்தது. 1989 ஜூலையில் பன்னாட்டுக் காபி ஒப்பந்தத்தின் ஏற்றுமதிப் பங்கீடு முறிந்து, நாலைந்து வருஷம் விலை தரையில் கிடந்தது. 1994இல் இவர் இரண்டாம் ஆண்டு. ஆடி மாதக் கடைசியில் என் அறை வாசலில் வந்து நின்றது எனக்கு நினைவிருக்கிறது. "சார், டி.சி. வாங்கிக்கலாம்னு இருக்கேன். ரெண்டு டெர்ம் ஹாஸ்டல் பாக்கி. அப்பாவால முடியல." நான் அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. "பொங்கல் வரைக்கும் பொறுடா, நான் வார்டன்கிட்ட பேசுறேன்" என்றேன். தை மாதம் வந்து பாக்கி முழுவதையும் கட்டிவிட்டான். எப்படி என்று நானும் கேட்கவில்லை. பையன் தேறிவிட்டான் என்று சந்தோஷப்பட்டதோடு சரி.

அந்த 1994 ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் பிரேசிலில் அடுத்தடுத்து இரண்டு முறை உறைபனி அடித்திருக்கிறது. ஒரு மாதத்துக்குள் உலக விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சிறு விவசாயிகள் காபியை வாரியத்துக்கு வெளியே தாங்களே விற்கலாம் என்று விதி தளர்ந்திருந்த நேரம் அது. (கட்டாயக் கொள்முதல் 1996இல் அடியோடு போனது.) தாண்டிக்குடியில் கார்த்திகை மார்கழியில் பழம் பறித்து, தை பிறக்கும்போது வியாபாரி வீடு தேடி வந்துவிட்டான். ஆனியில் அங்கே விழுந்த பனி, தையில் இங்கே விடுதி பாக்கியைக் கட்டியது. நான் பொங்கல் வரை பொறு என்றது ஏதோ வாயில் வந்ததைச் சொன்னது, எந்த ஞானதிருஷ்டியும் இல்லை.

"இவங்ககிட்ட இதைச் சொல்லலாமா சார்?" என்று கேட்டார். நான் "உன் இஷ்டம்" என்றேன். சொல்லிவிட்டார். வீடு, படிப்பு இரண்டையும். அந்த அம்மாள் கையில் இருந்த துணியை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பலமாகச் சிரித்தார். "என் அப்பா பணம் எங்கே போச்சுன்னு இத்தனை வருஷமா எங்க வீட்டில் யாருக்கும் தெரியாது. உங்க வீட்டுக்குத்தான் போச்சா!" சிரித்து முடித்து, "வீடு நல்லா இருக்கா?" என்றும் கேட்டார். "நல்லா இருக்கு. மழைக்கு ஒழுகல" என்றார் நம் மாணவர்.

"உங்க ஊரில் பனி விழாதா?"

"மேலே கொடைக்கானல்ல விழும். ஏரிக்கரைப் புல்லெல்லாம் வெள்ளையாயிடும். எங்க தோட்டம் கீழ் மலையில இருக்கு. அந்த உயரத்துல உறைபனி கிடையாது."

"கொடுத்து வைத்தவர்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அந்த அளவுக்குக் கொடுத்து வைத்தவர்களும் இல்லை என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை. 2001 வாக்கில் பிரேசிலிலும் வியட்நாமிலும் அமோக விளைச்சல் ஆனதில் உலக விலை பல பத்தாண்டுகளில் இல்லாத பள்ளத்துக்குப் போனது. பழனிமலையில் அதன்பின் எத்தனை பேர் பழம் பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று செடியோடு விட்டார்கள் என்பதை மங்களங்கொம்பு, கே.சி.பட்டிக்காரர்கள் சொல்வார்கள். காபியில் போனதை மிளகில் எடுக்கலாம் என்றால், 1933இல் ஜப்பானியக் குடியேறிகள் அமேசான் பக்கம் கொண்டுபோய் வைத்த மிளகுக்கொடி இப்போது உலகச் சந்தையில் நமக்குப் போட்டி. கப்ரால் தேடி வந்த மிளகு! 2021 ஜூலையில் மறுபடி பிரேசிலில் பனி, 2024இல் வறட்சி. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா ராத்தல் 4 டாலரைத் தாண்டியது. அந்த மாதம் நம் மாணவர் எனக்குப் போன் செய்தார். விலை ஏறிய சந்தோஷத்தைச் சொல்ல என்று நினைத்தேன். "சார், அங்க யாரு தோட்டமோ" என்றார்.

2018இல் ஊர் திரும்பிய பிறகு ஐப்பசி வாக்கில் வத்தலக்குண்டிலிருந்து பஸ் பிடித்துத் தாண்டிக்குடி போனேன். முருகன் இங்கிருந்துதான் பழனிக்குத் தாண்டிக் குதித்தார், அதனால்தான் இந்தப் பெயர் என்று கோயிலில் சொல்வார்கள். கோயிலுக்குப் போய்விட்டு அவர் வீட்டுக்கும் போனேன். வீடு திடமாகத்தான் இருக்கிறது. மாணவரின் தகப்பனார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்கிய வயது, கண் கொஞ்சம் மங்கல். "வாங்க வாத்தியாரய்யா" என்று காபி போடச் சொன்னார். சொந்தத் தோட்டத்துக் கொட்டை, வீட்டிலேயே வறுத்தது. நியூவார்க் கடையைப் பற்றி, அந்த அம்மாளைப் பற்றி, கறுத்துப்போன இலையைப் பற்றி எல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். லோட்டா காலியாகும் வரை ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு கேட்டார்: "அந்தம்மா தகப்பனாருக்கு எத்தன ஏக்கருங்க?"

முப்பத்தோரு வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். அதைக் கேட்காமல் வந்திருக்கிறேன்.